சித்தப்பாவின் முதுகைப் பார்த்தவள்

நாடகம் நடக்கும்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்து முழிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுப்பதுதான் என் அண்ணியின் வேலை. பிராம்ப்டர் என்பார்கள். நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலை மாதிரிதான் தோன்றும். கல்யாணமான புதிதில் என் அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். "உனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல சம்பளம்" என்று ஒரு நாள் வாயைவிட்டான். அன்று முழுக்க அவனே சமைத்து அவனே சாப்பிட்டான்.

நானும் அதே நாடகக் கம்பெனியில்தான் இருக்கிறேன். உடுப்புகளைத் துவைத்து, தைத்து, இஸ்திரி போட்டு, யாருக்கு எது என்று மாட்டி வைப்பது என் பாடு. மேடைச் சாமான் பெட்டியும் என் பொறுப்பில்தான். அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் அண்ணி அண்ணிதான். "நீங்க" போட்டுத்தான் பேசுவேன், திட்டுவதாக இருந்தாலும்.

அண்ணிக்கு வேலை வீட்டிலும் தொடரும். எங்கள் அண்ணன் எந்த வாக்கியத்தையும் முழுசாக முடித்ததில்லை. "அந்த... அது எங்க... நேத்து வாங்கினேனே..." என்று இழுப்பான். அண்ணி அடுப்பிலிருந்து திரும்பாமலே "டார்ச்சு பேட்டரி, மேல் தட்டுல" என்பாள். அதுவும் அந்தக் கிசுகிசுக் குரலில். எத்தனை வருஷம் கிசுகிசுத்தாளோ, அதுவே அவளுடைய சொந்தக் குரலாகிவிட்டது. மார்க்கெட்டில் அவள் விலை கேட்டால் கடைக்காரர் ஏதோ ரகசியம் என்று குனிந்து காது கொடுப்பார்.

அவளுக்காகவே எங்கள் கம்பெனி நாடகங்களில் எல்லா வீட்டுக்கும் பின்சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும். மெல்லிய திரை போட்டிருக்கும். அதற்குப் பின்னால் அண்ணி, மடியில் புத்தகம், ஒரு சின்ன விளக்கு. ஜெயில் காட்சிக்கும் அதே ஜன்னல், அதே திரை. "கைதிகளை இவ்வளவு சொகுசாக வைத்திருக்கிற ஜெயில் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஜன்னல் இல்லாவிட்டால் எங்கள் கைதிகள் வாயடைத்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அங்கே உட்கார்ந்தால் யாருடைய முகமும் தெரியாது. முதுகு தெரியும், பிடரி தெரியும், பின்னால் கட்டின கை தெரியும். அண்ணி அதை வைத்தே எல்லாரையும் படித்துவிடுவாள்.

அவள் அதிகம் பார்த்த முதுகு சித்தப்பாவுடையது. அவர் எங்கள் யாருக்கும் சித்தப்பா இல்லை. நாற்பது வயதிலிருந்தே கதாநாயகனின் சித்தப்பா, கதாநாயகியின் சித்தப்பா, வில்லனின் சித்தப்பா என்று நடித்து நடித்து ஊரே அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவரைவிட மூத்தவர்களும் தெருவில் நிறுத்தி, "என்ன சித்தப்பா, சௌக்கியமா?" என்பார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் மேடை ஏறாத அந்த அம்மாளுக்கும் இதே காரணத்தால் சித்தி என்று பெயர் வந்துவிட்டது. சித்தப்பா ஒருமுறைகூடக் கதாநாயகனாக நடித்ததில்லை. போஸ்டரில் அவர் படம் ஓரத்தில் இருக்கும், சில சமயம் காது மட்டும். ஆனால் அவர் மேடைக்குள் நுழைந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தங்கள் வீட்டு மனுஷன் ஒருவர் வந்துவிட்ட நிம்மதி அது.

அவருடைய மௌனத்துக்குத்தான் பேர். முக்கியமான வசனத்துக்கு முன்னால் பேசாமல் நிற்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் பேசுவார். அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள், கல்லூரியில் பேசினார்கள். உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அது வெறும் மறதி. மனுஷனுக்கு வசனம் தங்காது. நிற்பார், அண்ணி எடுத்துக் கொடுப்பாள், பேசுவார். கைதட்டல் வரும். ஒரு கட்டத்தில் அவருக்கே அது பிடித்துப்போய், வசனம் தெரிந்தாலும் நிற்க ஆரம்பித்தார். அண்ணிக்குத்தான் தலைவலி. இது மறதியா, நடிப்பா?

அதற்கு இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்வார். கை மூடியிருந்தால், மறந்துவிட்டேன், கொடு என்று அர்த்தம். விரிந்திருந்தால், எனக்குத் தெரியும், பேசாமல் இரு. இது அவர்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி எத்தனையோ நாடகம் ஓடியது.

அவருடைய கடைசி நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. அதில் அவர் அபூர்வமாக அப்பா வேஷம் போட்டார். கம்பெனிக் கோட்டு தோளில் இடிக்கிறது என்று வீட்டிலிருந்து போட்டுவந்த கோட்டோடுதான் மேடை ஏறுவார். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. முடிவில் ஒரு காட்சி. வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வருவாள். ஒரு சாவிக்கொத்தை மேஜைமேல் வைப்பாள். அப்பா அதைப் பார்த்து, "இது யார் வீட்டுச் சாவி?" என்று கேட்பார். அவ்வளவுதான். படுதா இறங்கும்.

அன்று அந்த வசனத்துக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். உடுப்பு அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்த அமைதி கேட்டது. அப்புறம் கேள்வியைக் கேட்டார், படுதா இறங்கியது, கைதட்டல் ஓயவே இல்லை. எப்போதும் முடிந்ததும் ஜன்னல் பக்கம் வந்து அண்ணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அன்று ஜனம் சூழ்ந்துகொண்டது. பஸ்ஸைப் பிடிக்க நாங்களும் ஓடிவிட்டோம்.

மறுநாள் காலை, சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்னான். மாரடைப்பு.

நான் அழுதேன். என் அண்ணன் அழுதான். அண்ணி மட்டும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். துக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் நாள் போகப் போக மோசமானது. சாப்பாட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துகொள்வாள். அண்ணன் வாசலில் நின்று "அந்த... என்னோட... மழைக்கு..." என்று தவித்துக்கொண்டிருப்பான், அவள் எதிரிலேயே நிற்பாள், குடை என்று எடுத்துக் கொடுக்க மாட்டாள். அவன் நனைந்துகொண்டே வேலைக்குப் போனான். கம்பெனி முதலாளியிடம், இனிமேல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்போதுதான் இது வெறும் துக்கம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணி, அவரோட நீங்களும் போயிடலாம்னு இருக்கீங்களா? போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. அண்ணனுக்கு வேற பொண்ணு பார்க்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் நெஞ்சைப் பிடிச்சார்" என்றாள்.

"யாரு?"

"சித்தப்பா. சாவிக் காட்சியில. பேசாம நின்னாரே, அப்போ. வலது கை மடங்கி நெஞ்சுக்குப் போச்சு. பின்னாடிலேருந்து முழங்கை மட்டும்தான் தெரியும்ல, மேஜையையும் அந்தப் பொண்ணையும் அவர் முதுகு மறைச்சிடும். கொஞ்ச நேரம் அங்கயே இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"இடது கை?"

"விரிஞ்சிருந்துச்சு."

"அப்புறம் என்ன? விரிச்ச கைன்னா பேசாம இருன்னுதானே?"

"வலியில விரிஞ்ச கையா இருந்தா?"

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"இத்தனை வருஷமா அவர் நிக்கிறதை எல்லாம் நடிப்புன்னு பார்த்துப் பழகிட்டேன். அன்னைக்கும் அப்படியே எடுத்துக்கிட்டேன். படுதாவை இறக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. மனுஷன் உயிரோட இருந்திருப்பார். வாயைத் திறக்கத்தான் எனக்குச் சம்பளம். திறக்கல."

எனக்குப் பதில் தெரியாவிட்டால் கோபம் வரும். வந்தது. "நீங்க என்ன டாக்டரா? ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு முதுகுல தெரிஞ்சிருமா?" என்று கத்தினேன். அவளுக்கு முதுகில் எல்லாம் தெரியும் என்று நானே ஊரெல்லாம் பெருமையடித்தவள். அதனால் கத்தலில் பலம் இல்லை. முன்வரிசையில் இருந்த யாரையாவது கேட்கலாம் என்றேன். அதற்கும் விடவில்லை. பேச்சு சித்தி காதுக்குப் போய்விடும், இவள் நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த அம்மாள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டே இருப்பாள், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதமே எங்கள் தியேட்டரில் அஞ்சலிக் கூட்டம் போட்டார்கள். அண்ணியை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மேடையில் அவருடைய பெரிய படம், அதைச் சுற்றிப் பூ. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படத்துக்கு நடுவில் அவர் இருந்தார். பேச வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் கடைசி மௌனத்தையே பிடித்துக்கொண்டார்கள். அரைத்த மாவையே அரைத்தார்கள். கடைசியாக வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவர் மறுநாள் போகவில்லை. அந்த மௌனத்திலேயே நம்மிடம் விடைபெற்றுக்கொண்டுவிட்டார். உடல் அவருக்கு அப்போதே சொல்லிவிட்டது" என்றார்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அண்ணி எழுந்து வெளியே நடந்தாள். அந்தப் பேராசிரியர் நல்ல மனுஷன், நாலு பேர் முன்னால் நன்றாகப் பேச வேண்டும் என்று பேசினார். ஆனாலும் அவர் வாயில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும் போல எனக்கு வந்தது.

உடுப்பு அறையில் அவளைப் பிடித்தேன். தொங்குகிற துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சித்தி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சித்தி நிதானமாக உள்ளே வந்து இஸ்திரி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "உன்னைத்தாம்மா தேடினேன்" என்றார் என்னிடம். "மேடைச் சாமானெல்லாம் உன் பொறுப்புதானே?"

"பெட்டி இங்கதான் இருக்கு, சித்தி. என்ன வேணும்?"

"அவரோட சாவிக்கொத்து. பீரோ சாவி அதுலதான் இருக்கு. பீரோவைத் திறக்க முடியல."

"அவர் சாவி இங்க எப்படி வந்துச்சு?"

சித்தி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தார். உங்க ரெண்டு பேருக்கும் சொன்னா தப்பில்ல. ஆனா வெளியில போகக் கூடாது. மகளா நடிச்ச பொண்ணு இருக்கே, அது அன்னைக்குச் சாவியை எடுக்காமலே மேடைக்கு வந்துருச்சு. மேஜைகிட்ட வந்து வெறுங்கையோட நிக்குது. முகம் வெளுத்துப்போச்சாம். இவர் என்ன பண்ணுவார்? கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, நம்ம வீட்டுச் சாவியை எடுத்து மேஜையில வெச்சு வசனத்தைப் பேசிட்டார். நாடகமே அப்படித்தான்னு ஜனம் நினைச்சுக்கிச்சு. சாவியைத் திரும்ப எடுத்துக்க மறந்துட்டார். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுறார். சாவி எங்கன்னா, மகளுக்குக் கொடுத்துட்டேன்னு சிரிக்கிறார்."

அண்ணி சுவரை விட்டு நகர்ந்தாள். "சித்தி" என்றாள். கிட்டே வந்து மறுபடியும், "சித்தி, சாவியை எந்தப் பாக்கெட்லேருந்து எடுத்தார்?"

"கோட்டு உள் பாக்கெட்டு. எப்பவும் அங்கதானே வெச்சிருப்பார்" என்று சித்தி தன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "பாக்கெட் ஓட்டையாகி, கொத்து உள்துணிக்குள்ள இறங்கியிருந்துச்சு. தைச்சுக் கொடுன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார், நான்தான் தள்ளிப் போட்டேன். அதைத் துழாவி எடுக்கத்தான் அவ்வளவு நேரம். அதைப் போய் மேடையில என்னென்னவோ பேசுறாங்க."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சித்தி பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். பழைய வேலை விடுமா? சத்தியத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நானே எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, நெஞ்சு, விரிந்த கை, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, அத்தனையும்.

சித்தி கேட்டு முடித்து அண்ணியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பைத்தியமே. அவர் அன்னைக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டார். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு விடியக்காலையிலதான் வந்திருக்கு, தூக்கத்துல. டாக்டரும் அதையேதான் சொன்னார். முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான், வலி வந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணி நிமிர்ந்தாள்.

"சாப்பிடும்போது உன்னைப் பத்தித்தான் பேசினார்" என்றார் சித்தி. "'அந்தப் பொண்ணு வாயைத் திறக்கல பாரு. வேற யாரா இருந்தாலும் நான் மறந்துட்டேன்னு பதறிப்போய் வசனத்தை எடுத்துக் கொடுத்திருப்பாங்க. காதுல விழுந்தா வாய் தானா பேசிடும். காலி மேஜையைப் பார்த்து இது யார் வீட்டுச் சாவின்னு கேட்டிருப்பேன். ஜனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கும். கையைக் காட்டினேன், கம்முனு இருந்துச்சு'ன்னார். நாளைக்கு உன்னைப் பார்த்துச் சொல்லணும்னார். அதான் முடியல."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணிக்கு எப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அவள் நான் முன்பு நீட்டின தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று தம்ளரை நீட்டினாள். அவளாக எதையாவது கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வருகிற வழியில் முதலாளியைப் பார்த்து, அண்ணி வேலைக்கு வருவாள், ஸ்டூலை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவளைக் கேட்காமலே சொன்னேன். கேட்க என்ன இருக்கிறது?

சித்திக்குக் கொடுத்த வாக்கை நாங்கள் காப்பாற்றினோம். பின்னாளில், மகளாக நடித்த அந்தப் பெண்ணே ஒரு பேட்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதனால்தான் இப்போது நானும் எழுதுகிறேன்.

சாமான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். கத்தி, டெலிபோன், பொம்மைக் குழந்தை எல்லாம் வந்த பிறகு அடியில் இரண்டு சாவிக்கொத்து கிடந்தன. ஒன்று துருப்பிடித்த நாடகச் சாவி. இன்னொன்றைப் பார்த்ததும் சித்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"துக்கம் விசாரிக்க வர்றவங்க எல்லாரும் என்னைக் கேக்குறாங்க" என்றார் கொத்தைப் பார்த்தபடியே. "நர்ஸா இருந்தவளாச்சே, உனக்குமா தெரியலன்னு. தெரியல. நான் பார்த்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். ஆனா இத்தனை பேர் கேட்டா எனக்கே சந்தேகம் வருது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கறேன். நீ சொல்லு. அன்னைக்கு அவரைக் கண்ணெடுக்காம பார்த்தது நீதான். நல்லா இருந்தாரா?"

அண்ணி கிசுகிசுக்கவில்லை. அறையே கேட்கிற குரலில் சொன்னாள். "நல்லா இருந்தார், சித்தி. அந்தக் கையை முழுக்கப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு விரல்கூட நடுங்கல."

"எப்படி வெச்சிருந்தார்? காட்டு."

அண்ணி எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையைப் பின்னால் கொண்டுவந்து ஐந்து விரலையும் விரித்தாள். சித்தி தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குத் தெரியும், நீ பேசாம இரு."

"மூடியிருந்தா?"

"மறந்துட்டேன், எடுத்துக் கொடு."

"எனக்கு ஒரு நாளும் விரிச்ச கையைக் காட்டினதில்லம்மா" என்றார் சித்தி. "வீட்டுல எப்பவும் மூடின கைதான். கண்ணாடி எங்கே, மாத்திரை எங்கே, இன்னைக்கு என்ன கிழமை, எல்லாத்துக்கும் என்னைத்தான் கேப்பார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சித்தப்பா போனதிலிருந்து சித்தி சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.